பாத்தி ஓரம்: விதைக்கு முன்னால் தண்ணீர் முறை

ஆவணி பிறந்துவிட்டது. இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போடுவது எப்படி? திருநெல்வேலியில் பாளையங்கால்வாய்க்குப் பக்கத்தில் நாங்கள் பதினோரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போட்ட தோட்டத்துக்கு இது ஏழாவது வருஷம். அதில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

*

எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட ஏழு சென்ட் இடம் பல வருஷமாகச் சும்மா கிடக்கிறது. சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிவிட்டன. ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து காய்கறி போடலாம் என்று பேசியிருக்கிறோம். விதை எங்கே வாங்குவது? முதலில் என்ன நடுவது அக்கா?
— வாசகி, வி.எம். சத்திரம்

விதையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் தாயி. முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். மனை பிரிக்கும்போது பூங்காவுக்கென்று விடுகிற இடம் பெரும்பாலும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். உங்கள் தெரு மாநகராட்சிக்குள் இருந்தால் வார்டு கவுன்சிலர் மூலமாக ஆணையாளருக்கு ஒரு மனு கொடுங்கள். ஒன்பது வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள். கட்டடம் எதுவும் கட்டமாட்டோம், வேலியைப் பூட்டமாட்டோம், தெருப் பிள்ளைகள் எப்போதும் உள்ளே வரலாம் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். அந்த மூன்று வரி பின்னால் நிறைய பேச்சை மிச்சப்படுத்தும். குளத்துப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம். மழை வந்தால் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அது எங்கெங்கே வந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம், சிலருக்கு அது பட்டாலே தோல் தடித்துப் போகும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரைத் தோண்டி எடுக்கவேண்டும். இதற்கு மட்டும் ஒருநாள் கூலிக்கு ஆள் வையுங்கள். நாங்கள் நாங்களே செய்து மூன்று மம்பட்டிக் காம்பு முறிந்தது.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் தாத்தா தாமிரபரணியிலிருந்து பிரியும் கோடகன் கால் என்ற வாய்க்கால் பாயும் ஒரு சின்ன ஊரில் குளத்துக்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆனால் எந்த வயலுக்கு எப்போது மடை திறக்கவேண்டும் என்பது அவர் சொல்தான். கரையில் ஒரு குச்சியை ஊன்றி வைத்திருப்பார். நிழல் இந்தக் கல்லுக்கு வந்தால் மேலமடை, அந்தக் கல்லுக்குப் போனால் கீழமடை. தண்ணீர் குறைந்த வருஷம் அவரே மடையில் இறங்கி, விரலை விரித்து ஓட்டத்துக்குள் கையை வைத்துப் பார்ப்பார். நூறு ஏக்கர்க்காரர் என்றாலும் ஒரு குறுக்கம் வைத்திருப்பவர் என்றாலும் அந்தக் குச்சி நிழலுக்கு முன்னால் ஒன்றுதான். வயலுக்காரர்கள் அவரை மதித்ததற்குக் காரணம் அவர் கண்டிப்பு இல்லை, முறை எல்லாருக்கும் கண் முன்னால் தெரிந்ததுதான்.

எங்கள் தோட்டத்தில் முதல் வருஷம் இதை மறந்துவிட்டோம். எல்லாரும் சேர்ந்து பாத்தி பிடித்தோம், எல்லாரும் சேர்ந்து விதைத்தோம், “யாருக்கு நேரம் இருக்கோ அவங்க தண்ணி ஊத்திக்கிடுவோம்” என்று விட்டுவிட்டோம். முதல் வாரம் தினமும் மூன்று பேர் ஊற்றினார்கள், கீரை அழுகியது. மூன்றாவது வாரம் யாருமே ஊற்றவில்லை; வெண்டை சுருண்டது. மார்கழிக்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. செடி போனதைவிட எனக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது.

இரண்டாம் வருஷம் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டை வேப்பமரத்தில் தொங்கவிட்டோம். நான் முப்பத்தோரு வருஷம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவள், வீட்டில் சிலேட்டுக்குப் பஞ்சமில்லை. ஏழு கிழமை, ஏழு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வீட்டுப் பெயர், துணைக்கு இன்னொரு வீடு. ஊற்றி முடித்ததும் ஒரு கோடு. வர முடியாவிட்டால் துணை வீட்டுக்கு முதல்நாளே சொல்லவேண்டும். பத்தடிக்கு நாலடி பாத்திக்குப் பூவாளியால் நாலு நடை, காலை ஏழு மணிக்குள் முடித்துவிடவேண்டும். அந்தச் சிலேட்டு இன்றும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை, கோட்டைப் பார்த்தாலே தெரியும்.

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டு ஆழ்குழாயிலிருந்து ஒரு குழாய் இழுத்து, மின்கட்டணத்தில் பங்கு கொடுக்கிறோம். வாய்க்கால் பக்கத்திலேயே ஓடினாலும் அதில் மோட்டார் போட்டு இறைக்க நமக்கு உரிமை கிடையாது. அது வயலுக்கான தண்ணீர். ஊருக்குள் வரும்போது கழிவும் கலந்துவிடுகிறது, பச்சையாகப் பறிக்கிற கீரைக்கு அதை ஊற்றவே கூடாது.

ஏழு சென்ட் என்றால் கிட்டத்தட்ட மூவாயிரத்து ஐம்பது சதுர அடி. முழுவதையும் முதல் வருஷமே கொத்தாதீர்கள். வீட்டுக்கு ஒரு பாத்தி, பொதுவில் இரண்டு பாத்தி, அவ்வளவு போதும். மீதியில் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கிற சமயம் மண்ணில் மடக்கி உழுதுவிடுங்கள். கிடை ஆடு வரும் பருவத்தில் ஆட்டுக்காரரிடம் பேசி இரண்டு ராத்திரி கிடை போட்டால் அதற்கு ஈடான உரம் இல்லை. விதைக்கு மகாராஜ நகர் உழவர் சந்தையில் காய் கொண்டுவரும் ஆச்சிமாரிடம் கேளுங்கள். “விதைக்கு ஒரு முத்தல் காய் விட்டுவைங்க ஆச்சி” என்று முன்கூட்டியே சொன்னால் சந்தோஷமாகக் கொண்டுவருவார்கள்.

*

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கையிடம் நீங்கள் புரட்டாசி வரை பொறுக்கச் சொன்னதாகச் சொன்னாள். நாங்கள் ஆடியிலேயே விதைத்துவிட்டோம், நன்றாகத்தான் வந்திருக்கிறது. யார் சொல்வது சரி?
— வாசகர், ஆழ்வார்குறிச்சி

இரண்டும் சரி அண்ணாச்சி. உங்களுக்கு மலை பக்கத்தில் இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் உங்கள் முற்றமும் நனையும். அந்தச் சாரல் கிழக்கே வர வர வெறும் காற்றாகிவிடும். ஆனி ஆடியில் பாளையங்கோட்டை வெளியில் அடிக்கிற காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், பிஞ்சுச் செடியின் கழுத்தை முறிக்கும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆற்றுப் பாசன வயலுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பருவம் இருக்கிறதென்றால் அது அணையும் வாய்க்காலும் செய்கிற உபகாரம். குழாய்த் தண்ணீரில் நடத்துகிற தோட்டத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. உங்கள் தங்கை புரட்டாசி நடுவில் விதைத்தால் செடி வேர் பிடித்து நிற்கும்போது மழை வரும்.

முதல் வருஷத்துக்குச் சிறுகீரை, தண்டங்கீரை, வெண்டை, சீனியவரை (கொத்தவரை), வேலியில் பாகல், ஒரு மூலையில் தடியங்காய் (வெள்ளைப் பூசணி) என்று போட்டால் போதும். இரண்டாம் வருஷம் சிறுகிழங்கு போட்டுப் பாருங்கள். மண் பொலபொலவென்று இருக்கவேண்டும். நாற்றங்காலில் கிழங்கை முளைக்கவிட்டு, கொடியைக் கிள்ளி நடுவார்கள். ஆவணி புரட்டாசியில் நட்டால் பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்கும். நம் ஊரில் சிறுகிழங்கு இல்லாத பொங்கல் உண்டா? தோண்டியதும் மண்ணோடு ஈரச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, தரையில் தட்டித் தட்டி உருட்டுங்கள். ஒவ்வொன்றாகச் சுரண்டி விரல் கறுக்க வேண்டாம், தோல் தானாக உரிந்துவிடும். சாக்கைத் திறந்ததும் வருகிற அந்த மண்வாசமும் கிழங்கு வாசமும் கலந்த மணத்துக்காகவே நான் வருஷம் தவறாமல் ஒரு பாத்தி ஒதுக்குகிறேன்.

*

வெண்டை இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறது. மருந்துக் கடைக்குப் போகாமல் என்ன செய்யலாம்?
— வாசகி, முக்கூடல்

அரைக்கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, ராத்திரி தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, பத்து லிட்டர் ஆக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். அன்றே கரைத்து அன்றே தெளித்துவிடவேண்டும். அதற்கு முன்னால் பொறிவண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாலு நாள் பொறுங்கள், அது அசுவினியைத் தின்றே தீர்த்துவிடும்.

*

எங்கள் தோட்டத்தில் கோரை தாங்க முடியவில்லை. கொத்தக் கொத்த இரண்டு பங்காக வருகிறது. பக்கத்து ஊர் பத்தமடையில் இதே கோரையில் பாய் முடைகிறார்களே, அவர்களுக்குக் கொடுத்துவிடலாமா?
— வாசகர், சேரன்மகாதேவி

பத்தமடைப் பாய்க்கு ஆகிற கோரை ஆற்றோரத்தில் ஆள் உயரம் வளர்வது. அதைக் கீறி, ஊறவைத்து, காயவைத்து, சாயம் ஏற்றி முடைகிறார்கள். உங்கள் பாத்தியில் இருப்பது கோரைக்கிழங்கு. அது அதே குடும்பம்தான், ஆனால் பாய்க்கு உதவாது. மண்ணுக்கு அடியில் மணி கோத்த மாதிரி ஒரு கிழங்கிலிருந்து இன்னொரு கிழங்குக்கு வேர் ஓடும். மம்பட்டியால் கொத்தினால் அந்த மாலையை அறுத்துத் தனித்தனி விதையாக்கிக் கொடுக்கிறோம், அதனால்தான் இரண்டு பங்காகிறது.

சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டி, கிழங்குகளை மேலே கொண்டுவந்து காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போது கம்பியால் நெம்பி, மாலை அறாமல் இழுத்து எடுங்கள். பிறகு அந்த இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி போட்டு மண்ணை மூடிவிடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. இரண்டு வருஷம் பிடிக்கும், மனம் தளரவேண்டாம்.

*

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மாவோடு தினமும் காலையில் எங்கள் தெருத் தோட்டத்துக்கு நடந்து போகிறேன். தண்ணீர் ஊற்றும் வேலை பிடித்திருக்கிறது, ஆனால் போகிற வழி ரொம்ப போர் அடிக்கிறது. வேலி ஓரத்தில் விளக்கு மாதிரி கூட்டுக்குள் காய் காய்க்கிற ஒரு செடி இருக்கிறது, அது என்ன? பிடுங்கிவிடவா?
— மாணவி, பேட்டை

பிடுங்கிவிடாதே கண்ணு! அது சொடக்குத் தக்காளி. கூடு காய்ந்து, உள்ளே பழம் மஞ்சளானதும் தின்னலாம். பச்சைக் காயைத் தின்னக் கூடாது. அந்தப் பச்சைக் கூட்டை நெற்றியில் வைத்து அடித்துப் பார், ‘சொடக்’ என்று வெடிக்கும். அம்மாவிடம் கேள், அவள் சின்னப் பிள்ளையில் எத்தனை வெடித்திருப்பாள் என்று.

வழி போர் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நானும் எங்கள் தோட்டத்துக்குப் போகிற வழியில் மூன்று வருஷம் தரையைப் பார்த்தே நடந்தேன். ஒருநாள் பூவாளி கனத்தது. வழியோரம் இருந்த ஒரு கல்மேல் அதை வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு கல்தூண், அதன்மேல் குறுக்கே ஒரு படுக்கைக் கல், சரியாக என் நெஞ்சு உயரம். சுமைதாங்கி! அந்தக் காலத்தில் சந்தைக்குத் தலைச்சுமையாகப் போனவர்கள் இன்னொருத்தர் துணையில்லாமல் சுமையை இறக்கி ஏற்றிக்கொள்ள வைத்த கல். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் இப்படிக் கல் நாட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்காக, வழியில் போகிறவர்கள் சுமையெல்லாம் இறங்கட்டும் என்று. எழுத்து எதுவும் அதில் இல்லை, எந்த வீட்டுப் பெண் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் போகும்போதும் வரும்போதும் அதில்தான் கூடையை இறக்கி வைக்கிறோம். மேல்கல்லின் நடுப்பகுதி உள்ளங்கை மாதிரி வழவழவென்று தேய்ந்திருக்கும்.

நீ ஒரு நோட்டுப் போடு. தினமும் ஒன்றே ஒன்று எழுது: எந்த வீட்டு முருங்கை பூத்திருக்கிறது, வாய்க்காலில் இன்று எந்த நாரை நிற்கிறது, மாவு அரைக்கிற கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்தச் சுவரில் பழைய ஓடு பதித்திருக்கிறது. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கூந்தன்குளம் போய் வா. 1994-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு முந்தியே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொண்டவர்கள். வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டியிருக்கும். நோட்டில் பத்துப் பக்கம் ஆனதும் எனக்கு அனுப்பு, நான் படிக்கவேண்டும்.

*

சேனைக்குக் குழி தோண்டும்போது கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் கிடைத்தன. ஒரு பெரிய விளிம்பும் தெரிகிறது. தொடர்ந்து தோண்டலாமா?
— வாசகர், செய்துங்கநல்லூர்

தோண்டாதீர்கள் அண்ணாச்சி, அந்தக் குழியை இன்றே நிறுத்துங்கள். உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தானே ஆதிச்சநல்லூர்? 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் முதலில் தோண்டினார், பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ. இன்று அங்கே கண்ணாடித் தளத்துக்குக் கீழே முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கலாம். உங்களுக்குத் தெரிகிற விளிம்பு தாழியாக இருந்தால் அது ஒருவர் அடக்கமான இடம். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலமாகச் சொல்லுங்கள், மண்ணை லேசாக மூடி, மேலே கல் அடையாளம் வையுங்கள். ஓட்டைக் கழுவாதீர்கள், உள்ளே ஒட்டிய மண்ணும் சாட்சிதான். சிவகளை அகழாய்வில் தாழிக்குள் இருந்த நெல் உமியைச் சோதித்துத்தான் அது கிமு 1155 என்று சொன்னார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே தாமிரபரணிக் கரையில், இறந்தவருக்கு வழிக்கு நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சேனையை நாலு பாகம் (நாலு கைவிரிப்புத் தூரம்) தள்ளி நடுங்கள்.

*

பாத்தியில் வேலைக்கு வராத ஒரு வீட்டுக்காரர் காய் மட்டும் பறித்துக்கொண்டு போகிறார். கதவு போட்டுப் பூட்டலாமா?
— வாசகி, மேலப்பாளையம்

பூட்டவேண்டாம். பூட்டினால் சாவி யாரிடம் என்ற சண்டை வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு கூட்டாஞ்சோறு ஆக்குங்கள். ஆளுக்கு ஒரு படி அரிசி, பருப்பு. தோட்டத்துக் கத்தரி, சீனியவரை, முருங்கைக்கீரை, மாங்காய் இருந்தால் அதுவும். அந்த வீட்டுக்குப் போய் நீங்களே கூப்பிடுங்கள். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தார். கூப்பிடப் போனபோதுதான் தெரிந்தது, வீட்டில் அம்மா படுக்கையில், அவர் ராத்திரி வேலைக்குப் போகிறவர். சிலேட்டில் அவருக்கு மட்டும் மதியக் கட்டம் ஒன்று போட்டோம்.

*

எனக்கு 74 வயது. மூட்டுவலி, குனிய முடியாது. பிள்ளைகள் வெளியூரில். எங்கள் தெருத் தோட்டத்தில் சேர ஆசை, ஆனால் பாரமாக இருப்பேனோ என்று தயக்கம்.
— வாசகர், பாளையங்கோட்டை

ஐயா, நீங்கள் விதைக்கு ஆள். எந்தத் தோட்டத்திலும் அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. நட எல்லாரும் வருவார்கள்; முற்றிய காயைப் பறிக்காமல் விட்டு, காய்ந்ததும் உடைத்து, புடைத்து, சொத்தையைப் பொறுக்கிவிட்டு எடுத்து வைக்கப் பொறுமையுள்ளவர் வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இந்த வேலையைத்தான் பார்க்கிறார். வேப்பமரத்தடியில் நாற்காலி, மடியில் சுளகு. அவரைக் கொட்டையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், துளை இருந்தால் தள்ளிவிடுவார். நல்லதைச் சாம்பலில் புரட்டி, காய்ந்த வேப்பிலை போட்டு, கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஒரு துண்டுத் தாளில் மாதமும் பாத்தி எண்ணும் எழுதி உள்ளே போடுவார். போன பங்குனியில் அவர் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் பாகல் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியது. அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர் என்பதால் அது அவரைக் கண்டு பயப்படவில்லை. சிலந்தி வலையை இழுத்து வந்து நாரோடு சுற்றிச் சுற்றி அது கூட்டைக் கொடியில் கட்டியதை எங்களில் அவர் ஒருவர்தான் முழுவதும் பார்த்தார். நாங்கள் சாயங்காலம் வந்ததும் சொல்லுவார்: “இன்னைக்கு வாசலுக்கு மேல சின்னதா ஒரு தாழ்வாரம் இறக்கிட்டு, பாத்தியளா!”

தயங்காதீர்கள். உங்கள் தெருக்காரர்களிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். போகும்போது மூடி இறுக்கமாக இருக்கிற பழைய ஊறுகாய்ப் பாட்டில் நாலைந்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள்.